பிரீமியம் பெட்ரோல்: காரில் இருக்கும் கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது?

கம்ப்யூட்டர் இதழில் பெட்ரோலைப் பற்றிய கட்டுரையா என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்த இதழைப் படிக்கும் பலரின் வீட்டு வாசலில் ஒரு காரோ, பைக்கோ நிற்கிறது. அந்தக் காருக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்கு மானிட்டர் கிடையாது. கீ போர்டு கிடையாது. ஆனால் எவ்வளவு பெட்ரோல் உள்ளே செல்ல வேண்டும், எந்தக் கணத்தில் ஸ்பார்க் பிளக் பொறி விட வேண்டும் என்பதை ஓயாமல் கணக்கிட்டுக் கொண்டே இருக்கிறது. எஞ்சின் கண்ட்ரோல் யூனிட் என்பது இதன் பெயர். சுருக்கமாக இ.சி.யூ. என்பார்கள். விலை கூடிய பெட்ரோல் போட்டால் பயன் உண்டா என்ற கேள்விக்கான பதில் விளம்பரப் பலகையில் இல்லை. இந்தக் கம்ப்யூட்டரிடம்தான் இருக்கிறது.

நான் இருப்பது மதுரையை அடுத்த ஒத்தக்கடையில். யானைமலையை ஒட்டிய இந்த ஊரில் வேளாண் கல்லூரி மாணவர்களின் பைக்குகளும், உயர் நீதிமன்றக் கிளைக்கு வரும் வழக்கறிஞர்களின் கார்களும், மேலூர் பக்கம் இருந்து வரும் விவசாயிகளின் மொபெட்டுகளும் ஒரே பங்க் வரிசையில்தான் நிற்கின்றன. எல்லாருக்கும் ஒரே கேள்விதான் வருகிறது. "அண்ணே, பவர் போடவா? எக்ஸ்.பி. போடவா? மைலேஜ் நல்லா குடுக்கும்ணே." பல நேரங்களில் கேள்வியே வருவதில்லை. நாம் பர்ஸை எடுப்பதற்குள் பிரீமியம் ஓடத் தொடங்கிவிடுகிறது. கேட்டால், "சாதா ஸ்டாக் இல்ல சார்" என்பார்கள். மதுரையைச் சுற்றிய பங்க்குகளில் இதை நான் பலமுறை சந்தித்திருக்கிறேன். இப்போதெல்லாம் வண்டியை நிறுத்தும்போதே எந்தப் பெட்ரோல், எத்தனை ரூபாய்க்கு என்று சொல்லிவிட்டுத்தான் டேங்க் மூடியைத் திறக்கிறேன்.

பிரீமியம் பெட்ரோல் மோசம் என்பது என் கருத்து அல்ல. தேவைப்படும் எஞ்சினுக்கு அது தேவைதான். ஆனால் நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான வண்டிகளுக்கு அது தேவையில்லை என்பதும், தேவையா என்பதை வண்டிச் சொந்தக்காரர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடலாம் என்பதும்தான் நான் சொல்ல வருவது.

ஆக்டேன் என்பது பலம் அல்ல

91, 95, 97, 100 என்று பம்புகளில் எண்கள் எழுதியிருக்கின்றன. 512 ஜி.பி.யை விட ஒரு டி.பி. ஹார்ட் டிஸ்க் பெரியது என்பது போல, 91ஐ விட 95இல் சக்தி கூடுதல் என்று பலரும் எண்ணுகின்றனர். இந்த எண் சக்தியின் அளவு அல்ல. பெட்ரோல் எவ்வளவு பொறுமையானது என்பதன் அளவு என்று வைத்துக் கொள்ளலாம்.

எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை பிஸ்டன் அழுத்துகிறது. சரியான கணத்தில் ஸ்பார்க் பிளக் பொறி விடுகிறது. தீ ஒரு முனையில் தொடங்கிச் சீராகப் பரவி பிஸ்டனைக் கீழே தள்ள வேண்டும். ஆனால் அழுத்தமும் சூடும் மிகுந்துவிட்டால், தீ வந்து சேரும் முன்பே மூலையில் இருக்கும் மிச்சக் கலவை தானாகவே வெடித்துவிடும். அப்போது எஞ்சினில் இருந்து டக் டக் என்று சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம் வரும். மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பார்கள். தொடர்ந்து நடந்தால் பிஸ்டன் கெட்டுப்போகும். இப்படி முந்திக் கொண்டு வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் திறனைத்தான் ஆக்டேன் எண் காட்டுகிறது.

இதனை அளக்கும் முறை சுவையானது. ஐசோ ஆக்டேன் என்ற திரவத்திற்கு 100 என்றும், நார்மல் ஹெப்டேன் என்ற திரவத்திற்கு 0 என்றும் மதிப்பு கொடுத்திருக்கிறார்கள். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒற்றை சிலிண்டர் சோதனை எஞ்சினில் பெட்ரோலை ஓட்டுவார்கள். 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எப்படித் தாக்குப்பிடிக்கிறதோ, அதே அளவுக்கு அந்தப் பெட்ரோலும் தாக்குப்பிடித்தால் அதன் எண் 91. ஐசோ ஆக்டேனையும் மிஞ்சும் பொருட்கள் உண்டு என்பதால் 100க்கு மேலும் எண் வரும்.

எண் கூடினால் சக்தி கூடாது என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம். நம் பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனாலே சாட்சி. எத்தனாலின் ஆக்டேன் எண் சுமார் 108.5 என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே குறிப்பிட்டிருக்கிறது. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எண் கூடுதல், சக்தி குறைவு. ஆக்டேன் எண்ணைப் பார்த்து மைலேஜைக் கணிப்பது, சி.பி.யூ. பெட்டியின் நிறத்தைப் பார்த்து பிராசசர் வேகத்தைக் கணிப்பது போன்றதுதான்.

இ.சி.யூ. செய்யும் வேலை

அப்படியானால் எண் கூடிய பெட்ரோலால் யாருக்குமே பயன் இல்லையா? உண்டு. அதை முடிவு செய்வது இ.சி.யூ.

நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்று ஓடினால், நொடிக்கு 100 முறை பொறி விட வேண்டும். ஒவ்வொரு பொறியும் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்னதாக வர வேண்டும் என்று ஓர் அட்டவணை இ.சி.யூ.வின் மெமரியில் எழுதப்பட்டிருக்கிறது. கார் தயாரிப்பாளர் பல மாதங்கள் சோதித்து எழுதிய அட்டவணை இது. எக்ஸெல் ஒர்க் ஷீட் மாதிரி நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு பக்கம் எஞ்சின் வேகம், மறு பக்கம் எஞ்சின் இழுக்கும் சுமை, நடுவே டிகிரி.

இதனுடன் பல கார்களில் நாக் சென்சார் என்று ஒன்று எஞ்சின் பிளாக்கில் திருகப்பட்டிருக்கும். அழுத்தம் பட்டால் மின்சாரம் தரும் படிகம் ஒன்று அதற்குள் இருக்கிறது. எஞ்சினில் நாக்கிங் ஏற்பட்டதும் அந்த அதிர்வு இ.சி.யூ.வுக்குச் சென்றுவிடும். இ.சி.யூ. உடனே பொறியைச் சில டிகிரி தாமதப்படுத்தும். சத்தம் நின்றுவிடும். இழுவையும் மைலேஜும் சிறிது குறையும். நம் காதுக்குக் கேட்கும் முன்பே இத்தனையும் முடிந்துவிடுவதால் ஓட்டுபவருக்கு ஒன்றுமே தெரியாது.

இப்போது எண் கூடிய பெட்ரோலை ஊற்றுகிறோம் என்று வைத்துக் கொள்வோம். 91 எண்ணுக்காக வடிவமைத்த எஞ்சின் என்றால் சாதாரண பெட்ரோலிலேயே நாக்கிங் இருக்காது. பொறியைத் தாமதப்படுத்தும் வேலையே இ.சி.யூ.வுக்கு இல்லை. அட்டவணையில் எழுதிய உச்ச அளவிலேயே ஏற்கனவே ஓடிக் கொண்டிருக்கிறது. அதற்கு மேல் போக அதற்கு அனுமதி கிடையாது. எனவே கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய பொறுமை சும்மா எரிந்து போகிறது.

கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இது எளிதில் புரியும். உங்கள் மதர் போர்டும் பிராசசரும் 2666 வேகம் வரைதான் ராம் மெமரியை இயக்கும் என்று இருக்கும்போது, கடைக்காரர் பேச்சைக் கேட்டு 3200 வேக ராம் வாங்கிப் போட்டால் என்ன ஆகும்? வேலை செய்யும். ஆனால் 2666 வேகத்தில்தான் செய்யும். ராம் கெட்டது என்று சொல்ல முடியாது. அந்த வேகத்தைக் கேட்க அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மாறாக, 95 எண்ணை மனதில் வைத்து வடிவமைத்து, 91ஐயும் சமாளிக்கும்படி புரோகிராம் செய்த எஞ்சின்கள் இருக்கின்றன. அழுத்த விகிதம் கூடிய எஞ்சின்களிலும், டர்போ பொருத்திய எஞ்சின்களிலும் இதனைப் பார்க்கலாம். இவற்றில் இ.சி.யூ. 91 பெட்ரோலில் பொறியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக் கொண்டிருக்கும். எண் கூடிய பெட்ரோல் போட்டால் பிடியைத் தளர்த்தும். இங்கே பயன் உண்மையானது. குறிப்பாக மே மாத மதுரை வெயிலில், ஏசி ஓட, ஐந்து பேரை ஏற்றிக் கொண்டு போகும்போது தெரியும். சூடான காற்று உள்ளே போகப் போக நாக்கிங் வாய்ப்பு கூடுகிறது.

கார்பரேட்டர் பைக்குகளின் நிலை வேறு. 2000ஆம் ஆண்டை ஒட்டித்தான் நம் கார்களில் கார்பரேட்டர் போய் எம்.பி.எப்.ஐ. வந்தது. பைக்குகளில் பெரும்பாலும் 2020 வரை கார்பரேட்டர் நீடித்தது. இவற்றில் பொறி விடும் நேரம் சி.டி.ஐ. யூனிட்டில் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டது. என்ன பெட்ரோல் ஊற்றினாலும் அதற்குத் தெரியாது. நாக் சென்சார் இல்லாத 100 சிசி பைக்குக்குப் பிரீமியம் போடும் மாணவர்களைப் பார்க்கும்போது, அந்தப் பணத்தில் ஏர் பில்டரை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு, டயரில் காற்றைச் சரி பார்த்தால் நிச்சயமாக மைலேஜ் கூடுமே என்றுதான் தோன்றுகிறது. பழைய புல்லட் வைத்திருப்பவர்களும் இதையே எடுத்துக் கொள்ளலாம். அந்த எஞ்சினின் அழுத்தம் குறைவு. அதற்கு 100 எண் பெட்ரோல் தேவைப்படாது.

இன்னொன்று. கொடைக்கானலுக்குக் கிளம்பும்போது, மலை ஏற வேண்டும் என்று பிரீமியம் போட்டுக் கொள்பவர்கள் உண்டு. ஏற்றத்தில் எஞ்சின் சுமை கூடும் என்பது சரிதான். ஆனால் உயரம் போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைகிறது. சிலிண்டருக்குள் அழுத்தமும் குறைகிறது. டர்போ இல்லாத எஞ்சினுக்கு மலை மேல் தேவைப்படும் ஆக்டேன் எண் சமவெளியை விடக் குறைவு. அமெரிக்காவின் மலைப் பகுதி மாநிலங்களில் இதனால்தான் சாதாரண பெட்ரோலையே எண் குறைத்து விற்கிறார்கள். மலையில் தட்டுகிறது என்றால் முதலில் கியரைக் குறைத்துப் பாருங்கள்.

பிரீமியம் என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு

இந்தியாவில் இந்தக் குழப்பத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 2002 ஏப்ரலில் பெட்ரோலியப் பொருட்களுக்கான பழைய அரசு விலை நிர்ணய முறை முடிவுக்கு வந்தது. அதை ஒட்டிய ஆண்டுகளில்தான் பாரத் பெட்ரோலியத்தின் ஸ்பீட், இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் பவர், இந்தியன் ஆயிலின் எக்ஸ்ட்ரா பிரீமியம் ஆகியவை வந்தன. தொடக்கத்தில் இவற்றின் சிறப்பு, சேர்க்கப்பட்ட ரசாயனங்கள்தான். இன்ஜெக்டர், வால்வு ஆகியவற்றில் கரி படியாமல் சுத்தமாக வைத்திருக்கும் சோப்பு போன்ற பொருட்கள் அவை. பின்னர்தான் 95, 97 என்ற எண்கள் முன்னால் வந்தன. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் எக்ஸ்.பி.100 என்ற 100 எண் பெட்ரோலை மதுரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்து வெளியிட்டது. (நம் மதுரை அல்ல, உத்தரப் பிரதேசத்து மதுரா. செய்தியைப் படித்தவர்களில் சிலர் இங்கே தேடினார்கள்!) அப்போது டெல்லியில் அதன் விலை லிட்டர் 160 ரூபாய். சொகுசு கார்களையும், வேகப் பைக்குகளையும் குறி வைத்த சரக்கு அது.

ஆக, ஒரே பிரீமியம் என்ற சொல்லுக்குள் கழுவும் பொருள், தாக்குப்பிடிக்கும் எண் என்று இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. பங்க்கில் கேட்டால் இரண்டையும் ஒன்றாக்கி, மைலேஜ் கொடுக்கும் என்ற ஒரே பதில்தான் வரும்.

கழுவும் பொருளைப் பொறுத்தவரை நான் முழுவதும் மறுக்கவில்லை. ஓரளவு பயன் உண்டு. ஆனால் எஞ்சின் சுத்தமாக இருப்பதில் நாம் ஓட்டும் விதத்திற்கும், ஆயில் மாற்றும் ஒழுங்கிற்கும் பங்கு அதிகம். அதோடு, பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் உள்வால்வின் மேல் பெட்ரோலே படாது. பெட்ரோலில் கலந்த சோப்பு அந்த வால்வை எப்படிக் கழுவும்?

எண்ணைப் பொறுத்தவரை 2025இல் வந்த ஒரு தகவலைப் பலரும் கவனிக்கவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் 20 சதவீத எத்தனால் கலப்பு பற்றி எழுந்த புகார்களுக்குப் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் அளித்தது. முன்பு இந்தியாவில் 88 எண் பெட்ரோல் விற்கப்பட்டது, பி.எஸ். 6 காலத்தில் அது 91 ஆனது; 20 சதவீத எத்தனால் சேர்ந்த பிறகு அது 95ஆக உயர்ந்திருக்கிறது என்பது அந்த விளக்கம். அதாவது அரசுக் கணக்குப்படி சாதாரண பெட்ரோலே இப்போது 95. பக்கத்துப் பம்பில் பெரிய எழுத்தில் 95 என்று போட்டு விற்கும் பெட்ரோலுக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எதற்கு என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. எண்ணுக்கு என்று பதில் சொல்வது இனி கடினம்.

எத்தனால் பயத்தில் பிரீமியத்திற்கு மாறியவர்களுக்கும் ஒரு வார்த்தை. விலை கூடியது என்றாலே எத்தனால் இல்லாதது என்று பொருள் அல்ல. எத்தனாலால் மைலேஜ் குறையும் என்பது உண்மை. 10 சதவீதக் கலப்புக்கு அமைத்த, எத்தனாலுக்காகவே வடிவமைக்கப்படாத கார்களில் 20 சதவீதக் கலப்பினால் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டரில் ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்று அமைச்சகமும் ஒப்புக் கொண்டிருக்கிறது. இது நியாயமான கவலை. ஆனால் அந்தக் கவலைக்கு மருந்து 95 என்ற எண் அல்ல. பழைய வண்டி வைத்திருப்பவர் சர்வீஸின்போது பெட்ரோல் குழாய்களைப் பார்க்கச் சொல்வதுதான் வழி.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

சாதாரண பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், பிரீமியம் 109 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். போட்ட காசு திரும்ப வர வேண்டுமானால் மைலேஜ் ஏறக்குறைய 8 சதவீதம் கூட வேண்டும். 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் 16.2 கொடுக்க வேண்டும். கொடுக்குமா?

அமெரிக்கன் ஆட்டோமொபைல் அசோசியேஷன் இதனைச் சோதித்திருக்கிறது. சாதாரண பெட்ரோலுக்காக வடிவமைத்த கார்களில் பிரீமியத்தால் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் இல்லை என்று 2016இல் அறிவித்தது. தேவையில்லாத கார்களுக்குப் பிரீமியம் போட்டு அமெரிக்கர்கள் ஓராண்டில் 210 கோடி டாலரை வீணடித்தார்கள் என்பது அதன் கணக்கு. அடுத்த ஆண்டு, பிரீமியம் போட்டால் நல்லது என்று தயாரிப்பாளரே சொல்லும் கார்களை எடுத்துச் சோதித்தார்கள். அவற்றிலேயே சராசரியாக மைலேஜ் 2.7 சதவீதம்தான் கூடியது. நம் 8 சதவீதத்திற்கு இது எட்டவே இல்லை.

மாதம் 40 லிட்டர் போடுபவருக்கு 8 ரூபாய் வித்தியாசம் மாதம் 320 ரூபாய். ஆண்டுக்கு 3,840 ரூபாய். பல வீடுகளில் இது ஆறு மாத பிராட்பேண்ட் பில். பிரீமியத்திற்குக் கலால் வரியும் சற்றுக் கூடுதல் என்பதால், வித்தியாசத்தில் ஒரு பகுதி எஞ்சினுக்குப் போகாமல் அரசுக்குப் போகிறது என்பதையும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் கண்டுபிடிக்கும் வழி

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அண்மையில்தான் கம்ப்யூட்டர் வாங்கினார். 2016 மாடல் சிறிய கார் ஒன்றும் வைத்திருக்கிறார். "தம்பி, வண்டிக்கு நல்ல பெட்ரோலா போடணும்ல?" என்று கேட்டுக் கொண்டே வந்தார். கையில் வாட்ஸ் அப்பில் வந்த செய்தி. "சார், உங்க சிஸ்டத்தையே ஆன் பண்ணுங்க, பார்த்துருவோம்" என்றேன்.

கார் நிறுவனத்தின் தளத்திற்குச் சென்று, அவருடைய மாடலுக்கான ஓனர்ஸ் மேனுவலை டவுன்லோட் செய்தோம். பி.டி.எப். பைல் என்பதால் பிரவுசரிலேயே திறந்தது. பல நூறு பக்கம். பக்கம் பக்கமாகப் படிக்கத் தேவையில்லை. கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு எப் கீயை அழுத்தினால் தேடும் கட்டம் வரும். அதில் ஆக்டேன் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினோம். 91 அல்லது அதற்கு மேற்பட்ட எண் கொண்ட ஈயம் இல்லாத பெட்ரோல் என்று ஒரே வரி. சார் கண்ணாடியைச் சரி செய்து கொண்டு அந்த வரியை இரண்டு முறை படித்தார். "அப்ப இத்தனை நாளா எதுக்குக் குடுத்தேன்?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

நீங்களும் இவ்வாறே தேடலாம். ஒரு சொல்லைக் கவனிக்கவும். ரிக்வையர்ட் என்று இருந்தால் அந்த எண் கட்டாயம். அதற்குக் குறைந்ததைப் போடக் கூடாது. ரெக்கமண்டட் என்று இருந்தால் போட்டால் நல்லது, போடாவிட்டாலும் ஓடும். இரண்டும் இல்லாமல் 91 என்று மட்டும் இருந்தால் பர்ஸை மூடி வைத்துக் கொள்ளலாம். பெட்ரோல் டேங்க் மூடியின் உட்புறத்திலும் பல கார்களில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள்.

இணையத்தில் தேடும்போது ஓர் எச்சரிக்கை. அமெரிக்கத் தளங்களில் 87, 91, 93 என்று எண்கள் வரும். அவர்கள் இரண்டு விதமான சோதனை எண்களின் சராசரியை எழுதுகிறார்கள். நாம் எழுதுவது ஆர்.ஓ.என். என்ற ஒரு சோதனையின் எண். அவர்களின் 87 ஏறக்குறைய நம் 91க்குச் சமம். அங்கே 91 பிரீமியம் என்று படித்துவிட்டு, இங்கே உள்ள 91 உடன் ஒப்பிட்டால் தலை சுற்றும்.

மேனுவலை நம்பாதவர்கள் தாங்களே சோதிக்கலாம். எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். முதல் நெட்டு வரிசையில் தேதி, இரண்டாவதில் ஓடோமீட்டர் எண், மூன்றாவதில் லிட்டர், நான்காவதில் பெட்ரோல் வகை. ஒவ்வொரு முறையும் டேங்க்கை முழுவதும் நிரப்பிவிட்டு எழுத வேண்டும். 500 ரூபாய்க்கு, 1000 ரூபாய்க்கு என்று போட்டால் கணக்கு வராது. ஐந்தாவது நெட்டு வரிசையில், மூன்றாவது வரியில் இருந்து =(பி3-பி2)/சி3 என்று பார்முலா கொடுக்கவும். எழுத்துகளை ஆங்கிலத்தில் டைப் செய்யவும். செல்லின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிகளுக்கும் மைலேஜ் வந்துவிடும். ஒரு டேங்க் போட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு வகையிலும் குறைந்தது ஐந்து டேங்க், அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். என் காரில் இப்படிச் செய்து வைத்திருக்கிறேன். இரண்டு பெட்ரோலுக்கும் இடையில் வந்த வித்தியாசம், ஏசி போட்ட வாரத்திற்கும் போடாத வாரத்திற்கும் இடையில் வந்த வித்தியாசத்தை விடச் சிறியது.

இன்னும் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு வழி உண்டு. இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களில் ஸ்டியரிங்கிற்குக் கீழே ஓ.பி.டி. 2 என்ற 16 முனை சாக்கெட் இருக்கும். மெக்கானிக் ஸ்கேனரைச் செருகும் இடம் இது. இதில் செருகும் புளூடூத் அடாப்டர்கள் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. லேப்டாப் அல்லது மொபைலில் அதற்கான சாப்ட்வேரை நிறுவினால், டைமிங் அட்வான்ஸ் என்ற பெயரில் இ.சி.யூ. எத்தனை டிகிரியில் பொறி விடுகிறது என்பதைத் திரையில் பார்க்கலாம். ஒரே மேம்பாலத்தில், ஒரே கியரில், ஒரே வேகத்தில் ஏறும்போது இரண்டு பெட்ரோலிலும் இந்த எண்ணைப் பதிவு செய்யுங்கள். எண் மாறவில்லை என்றால் இ.சி.யூ.வுக்குப் பிரீமியம் தேவைப்படவில்லை. தெளிவாகக் கூடியிருந்தால் உங்கள் எஞ்சின் அதைப் பயன்படுத்திக் கொள்கிறது. அப்போது காசு கொடுப்பது உங்கள் விருப்பம். ஓட்டும்போது திரையைப் பார்க்க வேண்டாம். சாப்ட்வேரிலேயே லாக் பைலாகச் சேமித்து, வீட்டுக்கு வந்து பெரிய திரையில் திறந்து பாருங்கள். கிளியர் கோட்ஸ் என்று ஒரு பட்டன் இருக்கும். என்னவென்று தெரியாமல் அதைத் தொட வேண்டாம். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றி வைத்துவிடவும். செருகியபடியே விட்டால் காரின் பேட்டரியைச் சிறிது சிறிதாக இழுத்துக் கொண்டே இருக்கும்.